நூகார்சுக் நீரிணைப் பாறை

ஆசியாத்
3 ஜூன் 1997

அன்புள்ள தபீத்தா அக்காவுக்கு,

தம்பி ஏனோக் எழுதுகிறேன். நானும் கரோலினாவும் சுகமாக இருக்கிறோம். இந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருந்ததென்று நீ ஒரு வரி எழுதவில்லை. எழுதாததிலிருந்தே புரிகிறது. ஈஸ்டருக்கு நீ அனுப்பிய ஹாலிபட் கருவாடு வந்து சேர்ந்தது. கரோலினாவின் தங்கை வீட்டார் காப்பி குடிக்க வந்த சாக்கில் பாதியைத் தின்றுவிட்டார்கள். மீதியை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்போது செய்தி. எனக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. கயிறு பிடிக்கும் வேலை இல்லை, மேல்தளத்தில் நிற்கும் வேலை. கடலடியை அளக்கும் கப்பல் ஒன்று இந்தக் கோடையில் நம் பக்கம் வருகிறது. உபெர்னவிக்குக்கு வடக்கே பெரிய கப்பல்கள் எந்த வழியாகப் போனால் பத்திரம் என்று பார்த்துப் புதிய வரைபடம் போடப் போகிறார்கள். அந்தத் தண்ணீர் தெரிந்த ஆள் ஒருவன் வேண்டுமாம். துறைமுக அலுவலகத்தில் நான் பெயர் கொடுக்கப் போனபோது குமாஸ்தா சொன்னான்: "கல்லுக் கேப்டனா? நீ போ. கல்லு எங்க இருக்குன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வருஷத்தில் அதையும் கற்றுக்கொண்டேன்.

எண்பத்தெட்டு அக்டோபரில் சரக்குக் கப்பலைத் தீவுகளுக்கு வெளியே சுற்றிப் போகும் வெளிவழியில் பாறைமேல் ஏற்றி, சமையல்காரர் லுத்விக்கைக் குளிருக்குப் பறிகொடுத்த பிறகு, சுக்கானுக்குப் பக்கத்தில் நிற்க என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. அதனால் சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கரோலினா திட்டினாள்.

ஜூலையில் தீவுகளுக்கு வெளியே அளக்கிறோம். ஆகஸ்டில் நம் நூகார்சுக் நீரிணை. அத்தான் கண்டு சொன்ன பாறை பதினேழு வருஷமாக வரைபடத்தில் ஒரு சிலுவைக் குறியாகவும், 'இருப்பதாகச் சொல்லப்படுகிறது, இடம் உறுதியில்லை' என்ற குறிப்பாகவும் கிடக்கிறது. அதற்கும் ஒரு முடிவு கட்டிவிடுவோம். அவர் அதை எந்த முனைக்கு நேராகப் பார்த்தார், நீர் எவ்வளவு வற்றியிருந்தது? உனக்கு நினைவிருப்பதை எழுது.

உன் பாசமுள்ள தம்பி,
ஏனோக்


நூகார்சுக்
16 ஜூன் 1997

என் ஏனோக்குக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாக இரண்டு முறை வாசித்தேன், கேட்க நாய்கள் மட்டும்தான் இருந்தன. சந்தோஷமாக இருந்ததடா. அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, வருகிற கப்பலுக்கெல்லாம் 'நில்லு' என்று கத்துவாய். ஒரு கப்பல் நிற்காது. அந்தப் பையன் மறுபடி மேல்தளம் ஏறப் போகிறான்.

ஆனால் ஒன்று. ஆசியாத்திலிருந்து இத்தனை கடிதம் எழுதுகிறாய், ஒன்பது வருஷமாக என் வீட்டுப் படி ஏறவில்லை. அத்தான் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. பெனினாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றாய். லுத்விக்கை இழந்தவள் இதே ஊரில்தான் இருக்கிறாள், என் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், நானும் தினம் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன்.

கோடையின் முதல் சரக்குக் கப்பல் ஒருவழியாக வந்தது. வெளிவழியில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு பதினோரு நாள் கடலில் நின்றதாம். இங்கே கடையில் காப்பித்தூள் தீர்ந்து, டயப்பர் தீர்ந்து, கடைசியில் ஆளுக்காள் சண்டைதான் மிச்சம். என் பள்ளியில் இப்போது ஆறு பிள்ளைகள். பெனினாவின் நாய் ஏழு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றை எனக்குத் தருகிறேன் என்கிறாள்.

பாறையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். பழைய கதை. அத்தான் போய் ஆறு வருஷமாகிறது, அவர் எந்த முனையைச் சொன்னார் என்று இப்போது யாருக்கு நினைவிருக்கும்? பனிமலைகள் இடித்து உடைத்தும் போட்டிருக்கலாம். நம் நீரிணையில் சின்னப் படகுகள்தானே போகின்றன, அதில் மினக்கெடுவானேன்? வெளிவழியை நன்றாக அளந்தால் போதாதா? உன் பெரியவர்களிடம் சொல்லிப் பார்.

கழுத்தை மூடிக்கொண்டு நில். உனக்குச் சளி பிடித்தால் சீக்கிரம் விடாது.

உன் அக்கா,
தபீத்தா


அளவைக் கப்பலிலிருந்து
20 ஜூலை 1997

அன்புள்ள அக்கா,

கழுத்தை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன்.

கப்பலில் பதினோரு பேர். தலைவர் ஹென்னிங், டென்மார்க்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், அதைத் தேடிக்கொண்டும் இருப்பார். எங்கள் வேலை வீடு பெருக்குவது மாதிரி. கப்பலின் அடியிலுள்ள கருவி ஒலியை விசிறிபோல் விரித்துக் கீழே அனுப்புகிறது. ஒரு முறை போனால் கடலடியில் ஓர் அகலக் கீற்று திரையில் விழுகிறது. திரும்பி வரும்போது அந்தக் கீற்றின் ஓரத்தைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு அடுத்தது. இண்டு இடுக்கு விடக் கூடாது. பனிமலைகள் அடிவயிற்றால் உழுத தடங்கள்கூடத் தெரிகின்றன, கைரேகை போல.

நடுநடுவே கப்பலை நிறுத்தி ஓர் உலோகக் குழாயைக் கயிற்றில் இறக்குவார்கள். பனி உருகின நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் கீழே, ஒவ்வொன்றிலும் ஒலி ஓடும் வேகம் வேறாம். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆழம் தப்பாக வரும். "தண்ணியும் மனுஷன் மாதிரி பொய் சொல்லும் ஏனோக்," என்றார் ஹென்னிங். "ஆனா திரும்பக் கேட்டா உண்மையைச் சொல்லிடும்."

பழைய வரைபடத்தில் வெளிவழி முழுவதற்கும் ஒரே ஒரு வரிசை எண்கள்தான், என்றைக்கோ ஒரு கப்பல் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கிக்கொண்டே போன வரிசை. மற்றதெல்லாம் வெள்ளை. வெள்ளை என்றால் ஆழம் என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லோரும் ஓட்டினோம். ஹென்னிங் சொன்னார்: "வெள்ளைன்னா ஆழம் இல்ல. வெள்ளைன்னா யாரும் பாக்கலைன்னு அர்த்தம்."

பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு என் பாறை திரையில் வந்தது.

சுற்றிலும் நூற்றெண்பது மீட்டர். நடுவில் ஊசிபோல் ஒன்று எழுந்து நிற்கிறது. நீர் வற்றும்போது மேலே மூன்று மீட்டர்தான் தண்ணீர். ஹென்னிங் என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உன் கப்பல் எவ்வளவு ஆழம் இறங்கும்?"

"நாலரை."

"பனி கொட்டுற நாள்ல யார் வந்திருந்தாலும் இடிச்சிருப்பான். நானா இருந்தாலும்."

நான் பின்தளத்துக்குப் போய் நின்றேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன் அக்கா. வரவில்லை. லுத்விக் மீட்புப் படகில் என் தோளில் சாய்ந்திருந்த கனம்தான் வந்தது. நனைந்த கம்பளி எவ்வளவு கனக்கும் தெரியுமா?

ஆகஸ்ட் பத்துக்கு மேல் நீரிணைக்கு வருகிறோம். அதை விட்டுவிடச் சொல்ல முடியாது. இந்த மொத்த வேலையுமே அதற்காகத்தான், வெளிக்கடலின் பனிக்கட்டியில் சிக்காமல் உள்ளே மறைவாகப் போக வழி உண்டா என்று பார்ப்பதற்காக. புதிதாகக் காணும் பாறைகளுக்கு ஊர்க்காரர்கள் பெயர் சொன்னால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்கிறார் ஹென்னிங். நீரிணைப் பாறைக்கு 'கெர்த் பாறை' என்று அத்தான் பெயரைச் சொல்லலாம் என்று நினைத்தேன். உனக்குச் சம்மதம்தானே? இல்லையென்றால் ஏன் என்று எழுது. எதுவானாலும் எழுது அக்கா.

உன்,
ஏனோக்


நூகார்சுக்
2 ஆகஸ்ட் 1997

ஏனோக்குக்கு,

வெளிவழிப் பாறையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகளைப் பழம் பொறுக்கி வாருங்கள் என்று மலைக்கு அனுப்பிவிட்டேன். கடவுள் உன் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறார்.

அத்தான் பெயரை எந்தப் பாறைக்கும் வைக்க வேண்டாம். அவருக்கு அப்படிப்பட்டதெல்லாம் பிடிக்காது. வைக்காதே. காரணம் கேட்காதே.

நீங்கள் இங்கு வரும் நாட்களில் நான் ஊரில் இருக்க மாட்டேன். உபெர்னவிக்கில் ஆசிரியர் கூட்டம். நாய்களைப் பெனினா பார்த்துக்கொள்கிறாள். உனக்குச் சமைத்துப் போட முடியாமல் போகிறதே என்று வருத்தம். இன்னொன்று எழுத வேண்டுமென்று உட்கார்ந்தேன். ஹெலிகாப்டர் வந்துவிட்டது, தபாலைக் கட்டுகிறார்கள்.

உன் அக்கா,
தபீத்தா


அளவைக் கப்பலிலிருந்து
22 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்கா,

நீரிணை முடிந்தது. பாறை இல்லை.

சிலுவைக் குறி இருக்கும் இடத்தை முதல் நாளே பெருக்கினோம். ஒன்றும் இல்லை. சுற்றிலும் இரண்டு மைல் பெருக்கினோம். இருநூற்றுப் பத்து மீட்டர், களிமண், மேசைபோல் தட்டை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். ஓட்டினார்கள். அங்கேயும் குழாயை இறக்கித் தண்ணீரைச் சோதித்தார்கள். மூன்றாம் முறையும் ஓட்டச் சொன்னேன். பையன்கள் கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஏனோக், உன் கல்லு லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருக்கு போல!"

ஹென்னிங்குக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு நாள் போச்சு. இன்னும் எதுக்கு?"

"எங்க அத்தான் பொய் சொல்ற ஆள் இல்ல."

"சரி, அவர் திமிங்கலத்து முதுகைப் பாத்திருப்பார். அழுக்குப் பனிக்கட்டியைப் பாத்திருப்பார். நடக்குறதுதான். யாரு எழுதிக் கொடுத்தது அந்த அறிக்கையை?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் முறையும் ஓட்டினார்கள். மூன்றாம் முறையும் களிமண்தான்.

நீர்மட்டக் கோல் நட ஊர்க் கரைக்கு இறங்கினவர்களோடு நானும் இறங்கினேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உன் வீட்டு வாசலுக்கு வந்தேன், பூட்டியிருந்தது. பெனினா உன் நாய்களுக்கு மீன் எறிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வணக்கம் சொன்னேன். "உங்க அக்கா இல்ல," என்றாள். மிச்ச மீனையும் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைக்காரர்தான் பேசினார். "ஆசிரியர் கூட்டமா? அது ஜூலையிலயே முடிஞ்சு போச்சே," என்றார்.

அக்கா, ஹென்னிங் அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டும். அத்தான் என்ன பார்த்தார்?

ஏனோக்


உபெர்னவிக்
29 ஆகஸ்ட் 1997

ஏனோக்,

உன் கடிதத்தை இங்கே அனுப்பி வைத்தார்கள். கூட்டம் ஒன்றுமில்லை. பழைய மாணவி ஒருத்தியின் வீட்டில் மூன்று வாரமாக விருந்தாளி என்ற பெயரில் ஒளிந்திருக்கிறேன். அவள் குழந்தைக்குக் காலுறை பின்னிக் கொடுக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஊரை விட்டு ஓடினவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அத்தான் ஒன்றும் பார்க்கவில்லை. அங்கே பாறை இருந்ததேயில்லை.

எண்பதாம் வருஷம் மலைக்குப் பின்னால் சுரங்கம் வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு. தாதுக் கப்பல்கள் குளிர்காலத்திலும் பனியை உடைத்துக்கொண்டு நம் நீரிணை வழியாகப் போகும் என்றார்கள். குளிர்காலத்தில் அந்தப் பனிதானே நம் தெரு? நாய்வண்டி ஓடுவதும் ஹாலிபட்டுக்குத் தூண்டில் இறக்குவதும் அதன் மேல்தானே? அந்தக் கோடையில் வரைபட ஆள் ஒருவர் படகில் வந்தார். பள்ளியில் வைத்து வேட்டைக்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். டேனிஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி. மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

அத்தான் முறை வந்தது. "நீரிணையில் கப்பலுக்கு ஆபத்தானது ஏதாவது உண்டா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அத்தான் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கப்பலுக்கு ஒண்ணும் இல்ல. எங்களுக்குத்தான் இருக்கு, இவரோட கப்பல்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. "நடுவில் ஒரு பாறை உண்டு என்கிறார், நீர் நன்றாக வற்றினால் தெரியுமாம், இரண்டு முறை கண்டிருக்கிறார்" என்று சொன்னேன். அந்த ஆள் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார். படிவத்தை நிரப்பியதும் நான்தான். அத்தான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் எழுதினால் அவர் எதையும் படித்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "என் வாயில ஏன் வெச்ச?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

சுரங்கம் வரவேயில்லை. இரண்டு வருஷத்தில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாறை மட்டும் வரைபடத்தில் தங்கிவிட்டது. அப்போதே எழுதியிருக்கலாம். டீச்சர் பொய் எழுதினாள் என்று சொல்வார்களே என்று கூசினேன். பிறகு எழுதலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். கப்பல் நிறுவனம் நீரிணைப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. கப்பல்கள் வெளியே சுற்றின. நீ கேப்டன் ஆனாய்.

எண்பத்தெட்டு கோடையில் என் சமையலறையில் உட்கார்ந்து நீ கேட்டாய்: "அக்கா, அந்தப் பாறை நிஜமாவே இருக்கா?" நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "இருக்கு" என்றேன். அதுதான் ஏனோக். வேறு யாரிடமோ சொன்ன பொய் எப்படியோ போகட்டும். உன்னிடம் சொன்னேன். அக்டோபரில் நீ வெளியே போனாய்.

உன்னைக் கல்லுக் கேப்டன் என்று கூப்பிட்டபோது எனக்குக் கேட்டது. லுத்விக்கைப் பெட்டியில் கொண்டுவந்தபோது பெனினாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அவள் என் தோளில் அழுதாள். அந்தத் தோளை நான் அவளுக்குக் கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஹென்னிங்கிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. என் பெயரைப் போடச் சொல், அத்தான் பெயரை அடிக்கச் சொல்.

தபீத்தா


நூகார்சுக்
28 செப்டம்பர் 1997

ஏனோக்குக்கு,

நான்கு முறை ஹெலிகாப்டர் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நான்காவது முறை தபால் பையைப் பிரிக்கும்போது நான் அங்கே நிற்கவில்லை. தபால்காரப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள்.

நீ எழுத வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். வரைபட அலுவலகத்துக்கு என் பெயரில் எழுதிப் போட்டேன். பள்ளிக் குழுவிடம் சொன்னேன். வேலையை விடுகிறேன் என்றதற்கு, வேறு டீச்சர் கிடைக்கும்வரை இரு என்றார்கள். பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒன்பது வயதுக்காரி ஒருத்தி கையைத் தூக்கி, "டீச்சர், நீங்க பொய் சொன்னீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஏன்?" என்றாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன ஞாயிறு கோயில் முடிந்ததும், பெனினா எனக்குத் தந்த நாய்க்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் ஹாலிபட்டைக் கீறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார் என்றாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நிற்கவில்லை, அவள் பாட்டுக்குக் கீறிக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு ஒன்று கேட்டாள்: "லுத்விக்குக்கு இது தெரியுமா?"

"தெரியாது பெனினா. யாருக்கும் தெரியாது. எனக்கும் கெர்த்துக்கும் மட்டும்தான்."

அப்போதுதான் கத்தியை வைத்தாள். "ஒம்பது வருஷமா உன் தம்பியைத் திட்டியிருக்கேன். சாப்பிட உக்காந்தா திட்டுவேன். ஜெபத்துலகூட. அன்னைக்கு உன் வாசல்ல வந்து நின்னானே, அப்பவும் மனசுக்குள்ள திட்டினேன். தப்பான ஆளைத் திட்டியிருக்கேன். அந்தத் திட்டையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது, சொல்லு?"

நான் நாய்க்குட்டியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"போ தபீத்தா. கோயில்ல இனிமே என் பக்கத்துல உக்காராதே. நாய்க்குட்டியை அவுத்து விட்டுட்டுப் போ, அது இங்கயே இருக்கட்டும்."

அவிழ்த்து விட்டேன். அது என் பின்னாலேயே வந்தது. இரண்டு முறை தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் விட வேண்டியிருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

நீயாவது ஒரு வரி எழுது என்று கேட்க மாட்டேன் என்றேன். கேட்டுவிட்டேன் பார்.

அக்கா


ஆசியாத்
11 அக்டோபர் 1997

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் என் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. நான் கோபத்தில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. எனக்கு வெட்கம்.

பாறை இல்லை என்று எனக்குத் தெரியும். உன் சமையலறையில் கேட்கும்போதே தெரியும்.

எண்பத்தேழு ஆகஸ்டில் கப்பல் வெளியே நங்கூரமிட்டிருந்தபோது, ஒரு சின்னப் படகில் நீரிணைக்குப் போய் ஈயக்குண்டு இறக்கிப் பார்த்தேன். ஒரு முழுப் பகல், நாற்பது இடத்தில். எங்கேயும் குண்டு தரையைத் தொடவேயில்லை. படகு வலித்தவர் லுத்விக். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "உங்க அக்கா கண்ணுக்கு மட்டும் தெரியுற கல்லு போல," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். சரி என்றார். பெனினாவிடம்கூடச் சொல்லவில்லை என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தான் பொய் சொல்கிறவர் இல்லை, படிவத்தை எழுதியது நீ என்று ஊருக்கே தெரியும். மறு வருஷம் உன்னிடம் வந்து கேட்டது, நீயே சொல்லிவிடுவாய் என்று. நீ அடுப்பைப் பார்த்தாய். எனக்கு மேலே கேட்கக் கூச்சமாகிவிட்டது. அம்மாவுக்குப் பதிலாக என்னை வளர்த்தவள் என் முன்னால் பொய் சொல்வதைப் பார்க்க முடியாமல் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். உனக்கு அது நினைவில்லாமல் இருக்கலாம்.

அந்த அக்டோபர் நாள். பனி கொட்டுகிறது, வெளியே அலை ஏறுகிறது. லுத்விக் காப்பியோடு மேலே வந்தார். மாலுமிக்குக் கேட்காமல் என் காதருகே சொன்னார்: "கேப்டன், உள்வழியா போயிடலாமே. அங்க ஒண்ணும் இல்லன்னுதான் நமக்குத் தெரியுமே."

போயிருக்கலாம். போனால் கப்பல் ஏட்டில் எழுத வேண்டும். ஏன் போனாய் என்று நிறுவனம் கேட்கும். பாறை இல்லை என்று சொல்ல வேண்டும். யார் சொன்ன பாறை என்று கேட்பார்கள். "வரைபடத்துல இருக்கு லுத்விக்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டுக் கீழே போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து இடித்தோம். விசாரணையில், உள்வழியாக ஏன் போகவில்லை என்று கேட்டபோது, அங்கே பாறை இருக்கிறது என்று சத்தியம் செய்து சொன்னேன்.

இந்தக் கோடையில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு நப்பாசை. கப்பல் வருகிறது என்று எழுதினால் நீயாகச் சொல்லிவிடுவாய், பிறகு நானும் சொல்லலாம் என்று. அத்தான் பெயரை வைக்கலாமா என்று கேட்டேனே, அது உன்னைக் குத்திப் பார்க்கத்தான். ஒன்பது வருஷமாக எனக்குள் புளித்துக் கிடந்தது அப்படி வெளியே வந்தது. அதற்காக மன்னித்துவிடு. மூன்றாம் முறை ஓட்டச் சொன்னது மட்டும் நாடகம் இல்லை. அந்தக் கடைசிக் கீற்றிலாவது ஏதாவது முளைத்திருக்காதா, நாம் இரண்டு பேரும் பிழைத்துப் போக மாட்டோமா என்று திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹென்னிங்கிடம் சொன்னேன். பென்சிலைக் காதில் வைத்தார், எடுத்தார். "இதை என்கிட்ட ஏன் சொல்ற? நான் ஆழம் அளக்குறவன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லு ஏனோக்," என்றார். கப்பல் விசாரணை அலுவலகத்தில் போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கரோலினா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்குக்கூடச் சொல்லல," என்றாள்.

நீரிணை வழி பத்திரமானது என்று கப்பல்களுக்கு அறிவிப்புப் போட்டுவிட்டார்கள். சிலுவைக் குறியை நீக்கிவிட்டார்கள். பனி மூடுவதற்கு முன் கடைசிச் சரக்குக் கப்பல் இந்தமுறை உள்வழியாக வருகிறது. இருபத்தைந்தாம் தேதி நூகார்சுக் வந்து சேரும். நான் அதில் பயணியாக வருகிறேன்.

லுத்விக்குக்குத் தெரியாது என்று நீ பெனினாவிடம் சொன்னதை நீ போய்த் திருத்தாதே. அதைச் சொல்ல வேண்டியவன் நான். அவர் கேட்டார், நான் மறுத்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் திட்டிய திட்டு ஒன்றும் வீணாகப் போகவில்லை, சரியான ஆளுக்குத்தான் வந்து சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும்.

கரைக்கு வராதே அக்கா. அவள் வீட்டுக்கு முதலில் நான் தனியாகப் போய்விட்டு வருகிறேன். எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. உள்ளே விடுவாளா என்றும் தெரியாது. அதன் பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் தாழ் போடாமல் வை.

ஏனோக்